டிசம்பர் 22: பார்த்தவர் கண்ணுக்குத் தப்பிய நாள்

1808ஆம் ஆண்டு. வியன்னா குளிரில் விறைத்துக் கிடந்தது. தியேட்டர் ஆன் டெர் வீன் என்ற அரங்கில் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கிய கச்சேரி, இரவு பத்தரை வரை நீண்டது. இளவரசர் லோப்கோவிட்ஸின் தனி மாடத்தில் உட்கார்ந்திருந்த ரைஷார்ட் என்ற இசையமைப்பாளர், பாதியில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்பதற்காகவே கடைசி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நல்ல விஷயமே ஆனாலும் இவ்வளவு ஆகாது என்பது அவர் எழுதி வைத்த குறிப்பின் சாரம்.

மேடையில் இருந்தவர் பீத்தோவன். அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்ததைப் படித்தால் இன்றைக்கு இசை ரசிகர்களுக்கு மயக்கமே வரும். ஐந்தாம் சிம்பொனி, ஆறாம் சிம்பொனி, நான்காவது பியானோ கான்செர்ட்டோ, கோரல் ஃபேன்டஸி என எல்லாவற்றுக்கும் வியன்னாவில் அன்றுதான் பொது மேடை அரங்கேற்றம். இது போதாதென்று ஒரு மிஸ்ஸாவின் (தேவாலய வழிபாட்டு இசை) பகுதிகள், ஒரு தனிப்பாடல், பியானோவில் மனோதர்மம் வேறு. ஆனால் நகரத்தின் தேர்ந்த கலைஞர்கள் பலர் அதே இரவில் இசைக்கலைஞர்களின் விதவைகளுக்காக நடந்த இன்னொரு நிதிக் கச்சேரிக்குப் போய்விட்டார்கள். முழு ஒத்திகை ஒன்றுகூட நடக்கவில்லை. பாட வேண்டிய நட்சத்திரப் பாடகி பீத்தோவனோடு மனஸ்தாபப்பட்டு விலகிக்கொள்ள, பதிலுக்கு வந்த இளம்பெண் மேடையில் நடுங்கினார். கடைசி உருப்படியில் வாத்தியக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட, பீத்தோவன் பாதியில் நிறுத்தச் சொல்லி முதலிலிருந்து தொடங்க வைத்தார். நிரலில் சிம்பொனிகளின் எண்களும் இடம் மாறியிருந்தன. இன்று நாம் ஐந்து என்பது அன்று ஆறு; ஆறு என்பது ஐந்து.

ஐந்தாம் சிம்பொனி இன்னதென்று உலகத்துக்குப் புரிய வைத்தவர் ஜெர்மன் எழுத்தாளர் ஹோஃப்மன். 1810இல், அச்சான இசைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எழுதிய விமர்சனம்தான் அந்தப் படைப்பின் உயரத்தைக் காட்டியது. அரங்கில் இருந்தவர்கள் ஊருக்கு எடுத்துப் போனதெல்லாம் குளிரும் குளறுபடியும்தான்.

ஒரு தேதியை எடுத்துக்கொண்டு அதன் மேல் நூற்றாண்டுகளை அடுக்கிப் பார்ப்பது இத்தொடரின் வேலை. இந்த வேலையில் ஒரு சபலம் உண்டு. ஒரே தேதியில் நடந்தவற்றுக்கிடையே ஏதோ ரகசியத் தொடர்பு இருப்பதாகக் கதை கட்டத் தோன்றும். எண் கணிதம் பார்ப்பவர்களுக்கு 22 என்ற எண் கிடைத்தால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு மர்மமும் இல்லை. வருடத்துக்கு 365 நாள்தான்; எழுதப்பட்ட வரலாறோ ஆயிரக்கணக்கான வருடம். எந்தத் தாளைக் கிழித்தாலும் பத்துப் பெரிய சம்பவம் உதிரும். ஆனால் டிசம்பர் 22இன் பட்டியலைப் படித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது. நடந்த அன்று, நடந்த இடத்திலேயே இருந்தவர்கள், நடந்தது என்னவென்று பெரும்பாலும் தவறாகவே கணித்திருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஈரோடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார் கோமளத்தம்மாள். 1887 டிசம்பர் 22, வியாழக்கிழமை, பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பது குடும்பத்தின் நம்பிக்கை. ஈரோட்டில் அன்று பிறந்த எத்தனையோ குழந்தைகளில் அதுவும் ஒன்று. பிழைக்குமா என்பதே பெரிய கேள்வியாக இருந்த காலம் அது. இரண்டு வயதில் குழந்தைக்கு அம்மை போட்டது. தஞ்சை மாவட்டத்தில் அந்தச் சமயம் சுமார் 4,000 பேரைக் கொண்டுபோன பெரியம்மை. தழும்போடு பிழைத்தது பிள்ளை. அவனுக்குப் பின் பிறந்த தம்பி தங்கையர் மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்தார்கள்.

ராமானுஜனின் கதை தமிழ் வாசகர்களுக்குப் பாடமாகத் தெரியும். கார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பறிபோன உதவித்தொகை, பச்சையப்பன் கல்லூரி வழியாக எழுதியும் தேறாத எஃப்.ஏ. தேர்வு, 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அதை மறுபடி விரிக்க வேண்டியதில்லை. தேதி பேசும் இந்தத் தொடருக்கு வேண்டியது ஒரு சிறு விவரம். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில், தமக்கு ஏறக்குறைய 23 வயது என்று சொல்லிக்கொள்கிறார். கணக்குப் போட்டால் 25 நிறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது! எண்களோடு அப்படி உறவாடியவருக்குத் தம் வயதில் இரண்டு கூடக் குறைய இருப்பது பொருட்டாகவே படவில்லை போலும்.

அந்தக் கடிதத்துக்கு முன்பே வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு எழுதி, பயனில்லாமல் போயிருந்தது. ஹார்டியும் முதலில் இது ஏதோ மோசடி என்றுதான் சந்தேகப்பட்டார். சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து தேற்றங்களைப் பார்த்த பிறகே, இதைப் புனைந்து எழுத யாருக்கும் கற்பனை போதாது என்ற முடிவுக்கு வந்தார். 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார் ராமானுஜன். 1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானபோது வயது 32.

அந்தப் பிறந்த நாள் பொதுச்சொத்தானது மெதுவாகத்தான். 1962 டிசம்பர் 22 அன்று, பவள விழா ஆண்டில், இந்திய அஞ்சல் துறை 15 நயாபைசா தலை வெளியிட்டது. அப்போதும் அவருடைய மனைவி ஜானகியம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்துகொண்டிருந்தார். கணவருக்கு ஒரு சிலை வைப்பதாகச் சொன்னார்களே, வைக்கவில்லையே என்ற அவருடைய மனக்குறை பத்திரிகையில் வந்தது. அதைக் கேள்விப்பட்டு அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கே முயற்சி எடுத்தார். உலகெங்கும் உள்ள கணிதக்காரர்கள் பணம் போட்டார்கள். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி மார்பளவு வெண்கலச் சிலைகளை வார்த்தார். ஒன்று ஜானகியம்மாள் வீட்டுக்கே வந்தது. நூற்றாண்டு நாளான 1987 டிசம்பர் 22 அன்று, 1976இல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த 'தொலைந்த நோட்டு' அச்சு நூலாக வந்தது. பிரதமர் ராஜீவ் காந்தி வெளியிட, முதல் படி ஜானகியம்மாளுக்கு. தேசிய கணித தினம் என்று இப்போது தினசரி நாட்காட்டித் தாளில், ராகு காலம் எமகண்டத்துக்குப் பக்கத்தில், அச்சாவது 2012க்குப் பிந்தைய ஏற்பாடு.

தேதி என்பதே அவ்வளவு உறுதியான பொருள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாரதா தேவி பிறந்தது 1853 டிசம்பர் 22, வங்காளத்தின் ஜெயராம்பாடியில். ஆனால் ராமகிருஷ்ண மடங்களில் அவருடைய ஜயந்தி திதிப்படி வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். (1911இல் அவர் சென்னை, மதுரை வழியாக ராமேசுவரம் வந்தார். பாம்பன் ரயில் பாலம் திறக்க இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. தீவுக்குப் போக நீர்வழிதான்.) குரு கோவிந்த் சிங் பாட்னாவில் பிறந்தது 1666 டிசம்பர் 22 என்று புத்தகங்களில் இருக்கும். அது பழைய ஜூலியன் கணக்கு. இப்போதைய கிரிகோரியன் கணக்கில் அதே நாள் 1667 ஜனவரி 1, ஆண்டே மாறிவிடுகிறது. சீக்கியர்களின் நானக்சாஹி நாட்காட்டியோ ஜனவரி 5 என்று வைத்திருக்கிறது.

ரஷ்யாவிலும் அதே பழைய கணக்குதான் நடப்பில் இருந்தது. 1849 டிசம்பர் 22 காலை, பீட்டர்ஸ்பர்க் நகரின் செம்யோனவ்ஸ்கி சதுக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கைதிகளை வரிசையாக நிறுத்தினார்கள். மற்ற ஐரோப்பாவில் அன்று 1850 ஜனவரி 3. கைதிகள் பெத்ராஷெவ்ஸ்கி என்பவர் வீட்டில் கூடிப் புத்தகமும் அரசியலும் பேசிய இளைஞர்கள். அவர்களில் ஒருவர் 28 வயது எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி. எழுத்தாளர் கோகோலைக் கண்டித்து விமர்சகர் பெலின்ஸ்கி எழுதிய தடைசெய்யப்பட்ட கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார் என்பது அவர் மீதான முக்கியமான குற்றச்சாட்டு. எட்டு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தவர்களுக்குத் தீர்ப்பு இன்னதென்று சதுக்கத்தில்தான் தெரிந்தது. சுட்டுக் கொல்ல உத்தரவு.

வெள்ளைச் சவ ஆடை போர்த்தினார்கள். பாதிரியார் சிலுவையோடு வந்தார். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டித் துப்பாக்கிகளைக் குறி பார்த்தாயிற்று. தஸ்தயேவ்ஸ்கி அடுத்த மூவரில் ஒருவர். அந்த நொடியில் முரசு ஒலித்தது; துப்பாக்கிகள் தாழ்ந்தன; ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸின் கருணை வாசிக்கப்பட்டது. உண்மையில் தண்டனையைக் குறைக்கும் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. கம்பமும் போர்வையும் பாதிரியாரும் மன்னர் ஏற்பாடு செய்த நாடகம். கம்பத்தில் கட்டப்பட்டிருந்தவர்களில் கிரிகோரியெவ் என்பவருக்குப் புத்தி பேதலித்தது. பிறகு தேறவே இல்லை. தஸ்தயேவ்ஸ்கி அன்றே சிறைக்குத் திரும்பி அண்ணன் மிகயீலுக்கு நீண்ட கடிதம் எழுதினார். பிறகு நான்கு ஆண்டு சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் கடுந்தண்டனை. மரணத்துக்குச் சில நிமிடம் முன்பு ஒரு மனிதன் என்ன நினைப்பான் என்று 'அசடன்' நாவலின் மிஷ்கின் சொல்லும் இடத்துக்கு மூலம் இந்தச் சதுக்கம்தான். நிக்கோலஸ் அடக்கி வைக்க நினைத்த ஆள், அந்த அனுபவத்தையே எழுத்தின் கச்சாப் பொருளாக்கிக்கொண்டார்.

பாரிஸ், 1894. இங்கே நடந்தது நாடகமில்லை, நிஜமான தீர்ப்பு. ஆனால் தப்பான ஆளுக்கு. ஜெர்மன் தூதரகத்தின் குப்பைக்கூடையிலிருந்து துப்புரவுப் பெண் ஒருவர் பொறுக்கிக் கொடுத்த துண்டுக் கடிதத்தை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு ராணுவம் தன் தலைமையகத்தில் உளவாளியைத் தேடியது. கையெழுத்து ஒத்துப் போகிறது என்று பிடிபட்டவர் ஆல்ஃபிரட் டிரேஃபஸ், பீரங்கிப் படை கேப்டன், யூதர். மூடிய கதவுக்குள் நான்கு நாள் விசாரணை. டிசம்பர் 22 அன்று ஏழு ராணுவ நீதிபதிகளும் ஒருமனதாகக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் முழுக்க நாடுகடத்தல். பிரதிவாதி தரப்புக்குக் காட்டாத ரகசியக் கோப்பு ஒன்று நீதிபதிகள் கைக்குப் போயிருந்தது என்பது வெளியே தெரியாது.

நாடே அந்தத் தீர்ப்பை நம்பியது. பின்னாளில் டிரேஃபஸுக்காகப் போராடிய சோஷலிஸ்ட் தலைவர் ஜீன் ஜோரே கூட, இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் எழுந்து, சாதாரணச் சிப்பாயைச் சின்னக் குற்றத்துக்குச் சுடுகிறீர்கள், இந்த அதிகாரியை மட்டும் உயிரோடு விட்டீர்களே என்றுதான் கொதித்தார். ஜோரேயைப் போன்ற ஒருவரே ஏமாந்த இடம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். உண்மையான உளவாளி எஸ்டர்ஹாசி என்று பிக்கார் என்ற அதிகாரி கண்டுபிடிக்க 1896 ஆயிற்று. கண்டுபிடித்தவரைத்தான் ராணுவம் தண்டித்தது. எமிலி ஸோலா 1898 ஜனவரி 13 அன்று 'லோரோர்' பத்திரிகையில் 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று எழுதியபின் பிரான்ஸ் இரண்டாகப் பிளந்தது. 1899இல் மறுவிசாரணை, மறுபடியும் குற்றவாளி என்று தீர்ப்பு, உடனே ஒரு மன்னிப்பு. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 1906 ஜூலை 12 அன்று. ஒரு டிசம்பர் 22ஐத் திருத்தப் பதினோரு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

சில டிசம்பர் 22கள் இவ்வளவு கனமானவை அல்ல. 1882இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் 80 மின்குமிழ்களைக் கட்டிச் சுழல விட்டார். உள்ளூர்ப் பத்திரிகைகள் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட, டெட்ராய்ட் நகரப் பத்திரிகையின் நிருபர் ஒருவர் மட்டும் எழுதினார். 1851இல் ரூர்க்கியில் கங்கைக் கால்வாய் வேலைக்கு மண் இழுத்த 'தாமஸன்' என்ற நீராவி எஞ்சினை வைத்து, இந்தியாவின் முதல் சரக்கு ரயில் ஓடிய நாள் என்று தேதிப் பட்டியல்கள் எழுதுவதுண்டு. சென்னைவாசிகள் இதை அப்படியே விழுங்க வேண்டாம். சாலை போடக் கருங்கல் ஏற்றிக்கொண்டு செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் 1837இலேயே தண்டவாளத்தில் வண்டி ஓடியிருக்கிறது. ஆர்தர் காட்டன் போட்ட பாதை.

அடுத்தது மீன் கதை. இந்தத் தேதியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஒரு சிறு துறைமுக நகரம். அங்கிருந்த அருங்காட்சியகமும் சிறியது. பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர், வயது 31. வலையில் ஏதாவது வினோதமாகச் சிக்கினால் சொல்லியனுப்புங்கள் என்று இழுவைப் படகுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். 1938 டிசம்பர் 22 காலை 'நெரின்' படகு வந்திருப்பதாகத் தொலைபேசி வந்தது. பண்டிகை நெருங்கும் நேரம், கையில் வேலை. போகாமலே இருந்திருக்கலாம். படகின் ஆட்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பினார்.

தளத்தில் பெரும்பாலும் சுறாக்கள். குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நீலத் துடுப்பு நீட்டிக்கொண்டிருந்தது. மேலே கிடந்தவற்றைத் தள்ளிப் பார்த்தால், ஒன்றரை மீட்டர் நீளத்தில், கடினச் செதிலும் கால் போன்ற துடுப்புகளும் கொண்ட ஒரு மீன். சுமார் 57 கிலோ எடை. சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் வலையில் விழுந்தது என்றார் படகுத் தலைவர் ஹென்ட்ரிக் கூசன். டாக்சிக்காரர் நாற்றத்துக்குப் பயந்து ஏற்ற மறுத்தார், வாதாடி ஏற்றினார்கள். அருங்காட்சியகக் குழுத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் பாறை மீன் என்று கையை விரித்துவிட்டார். தென்னாப்பிரிக்கக் கோடைக்காலம், மீன் கெட்டுக்கொண்டிருந்தது. பிணவறையில் வைக்கக் கேட்டார்; முடியாது என்றார்கள். குளிர்பதனக் கிடங்கிலும் அதே பதில். வேறு வழியில்லாமல் தோலை உரித்துப் பாடம் பண்ணக் கொடுத்தார்.

மறுநாள் கிரகாம்ஸ்டவுன் ரோட்ஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதமும் கையால் வரைந்த படமும் அனுப்பினார். ஸ்மித் வேதியியல் ஆசிரியர். மீன் ஆராய்ச்சி அவருடைய சொந்த ஆசை. விடுமுறைக்கு நைஸ்னா போயிருந்த அவருக்குக் கடிதம் கிடைத்தது ஜனவரி 3 அன்று. படத்தைப் பார்த்ததும் எலும்புக்கூட்டையும் செவுளையும் பத்திரப்படுத்தச் சொல்லித் தந்தி அடித்தார். அதற்குள் உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போய்விட்டன. எடுத்த புகைப்படச் சுருளும் பாழ். பிப்ரவரி 16 அன்று நேரில் வந்து பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. டைனோசர்கள் ஒழிந்த காலத்தோடு, அதாவது சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே, அற்றுப்போனதாகக் கருதப்பட்ட சீலகாந்த் இனம் அது. கண்டெடுத்தவர் பெயரையும் ஆற்றின் பெயரையும் சேர்த்து 'லாட்டிமேரியா சலும்னே' என்று பெயரிட்டார். அடுத்த மீன் கிடைக்க 14 ஆண்டு ஆனது. 1952 டிசம்பரில், கோமரோஸ் தீவுகளில். அதை எடுத்து வர ஸ்மித்துக்குத் தென்னாப்பிரிக்கப் பிரதமர் டி.எஃப். மலான் ராணுவ விமானமே கொடுத்தார்.

1989 டிசம்பர் 22 மட்டும் விதிவிலக்கு. அன்று நடந்தது பெரிய சரித்திரம் என்று எல்லோருக்கும் அன்றே தெரிந்தது. புக்கரெஸ்ட்டில் மக்கள் கட்சித் தலைமையகத்துக்குள் நுழைய, மொட்டை மாடியிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பினார் ருமேனியச் சர்வாதிகாரி சௌஷெஸ்கு. மூன்றாம் நாள் அவரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே நாள் பெர்லினில் பிராண்டன்பர்க் வாயில் திறந்தது. மேற்கு ஜெர்மனித் தலைவர் கோலும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் மோட்ரோவும் கைகுலுக்கினார்கள். அன்று பாரிஸில் நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட் இறந்தது மட்டும் 26ஆம் தேதி அடக்கம் முடிந்த பிறகே உலகத்துக்குத் தெரிய வந்தது. 'கோதோ'வை எழுதியவர் அதற்குக் குறைப்பட்டிருக்க மாட்டார்.

22இல் சேர்ப்பதா 23இல் சேர்ப்பதா என்று தடுமாற வைக்கும் இரண்டு இந்திய இரவுகள் உண்டு. ஒன்று 1949இல். அயோத்தியின் பாபர் மசூதியில், மைய மாடத்தின் கீழ், 22ஆம் தேதி இரவுக்கும் 23ஆம் தேதி விடியலுக்கும் இடையில் ராமர் சிலைகள் வைக்கப்பட்டன. 23 அன்று காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. எழுபது ஆண்டு கழித்து, 2019 நவம்பர் 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த இரவில் மசூதியின் புனிதம் கெடுக்கப்பட்டது, தொழுதவர்கள் சட்டப்படி வெளியேற்றப்படவில்லை என்று குறிப்பிட்டது. நிலத்தைக் கோயில் தரப்புக்கே அளித்தது.

மற்றது 1964, தனுஷ்கோடி.

இன்று அரிச்சல்முனைக்குப் போய்ப் புகைப்படம் எடுத்து வருபவர்களுக்கு அது எப்படிப்பட்ட ஊராக இருந்தது என்று கற்பனை செய்வது சிரமம். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் 'போட் மெயில்' ஏறினால் தனுஷ்கோடித் துறை வரை ரயில், அங்கே இறங்கி நீராவிக் கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு வரை. அதற்கு முன்பு தூத்துக்குடி வழியாகப் போன பயணம் இப்படிச் சுருங்கியது. ரயில் நிலையம், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், பள்ளி, மாதா கோயில், தங்கும் விடுதிகள் எல்லாம் இருந்த ஊர். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிக் குடும்பங்களும், வியாபாரிகளும், ராமேசுவர யாத்திரையை முடித்துக் கடலாட வந்தவர்களும் அங்கேதான் கூடினார்கள்.

அந்தமான் கடலின் தெற்கே டிசம்பர் 17 வாக்கில் உருவான தாழ்வு நிலை, மேற்கு நோக்கி வந்து புயலாக வலுத்தது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் இத்தனை பலத்தோடு புயல் எழுவது அபூர்வம். 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியை, வவுனியா வழியாக, உழுதுகொண்டு போனது. அங்கேயும் திருகோணமலை, மன்னார் பக்கங்களில் பலத்த சேதம், உயிர்ப்பலி. அன்றிரவு பாக் நீரிணைக்குள் இறங்கி, நள்ளிரவு வாக்கில் தனுஷ்கோடியை அடைந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. கடல் ஏழு மீட்டர் உயரத்துக்கு எழுந்து ஊருக்குள் வந்தது.

இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து கிளம்பியது 653ஆம் எண் பாசஞ்சர். உள்ளே 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கஜம் இருக்கும்போது அலை அடித்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. சிக்னல் விளக்கு எரியாததால் ஓட்டுநர் சிறிது நேரம் நின்று, விசில் ஊதிப் பார்த்துவிட்டுத் துணிந்து நகர்த்தினார் என்று ஒரு கதை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. சாட்சி சொல்ல அந்த வண்டியில் யாரும் பிழைக்கவில்லை என்பதால் கதையாகவே இருக்கட்டும்.

தந்திக் கம்பி அறுந்தது, பாலம் போயிற்று, தீவு தனித்து நின்றது. மண்டபத்திலிருந்த கடல்துறை அதிகாரி தந்த தகவலை வைத்து ரயில்வே அறிக்கை விட்டது 48 மணி நேரம் கழித்து. அதே டிசம்பர் 22 அன்று கலிபோர்னியாவின் பாம்டேலில் எஸ்.ஆர்-71 என்ற உளவு விமானம் முதல் முறையாகப் பறந்தது. ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில், கண்டங்களை மேலிருந்து படம் எடுக்கக் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு யுகத்தில், ஒரு முழு ரயில் கடலுக்குள் போன செய்தி வெளியே வர இரண்டு நாள் பிடித்தது. மொத்தம் 1,800க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. ராமேசுவரம் கோயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் தஞ்சம் புகுந்தார்கள். தண்ணீர் கோயிலுக்கு முன்பே நின்றுவிட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு தனுஷ்கோடியை அறிவித்தது.

இழப்பின் இன்னொரு முகம் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 30 அன்றுதான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகி இரண்டு மாதம் ஆகவில்லை. அவர்களுடைய முன்னோர் பலர் கடந்துபோன வாசல் அழிந்துவிட்டது. பிறகு தாயகம் திரும்பியவர்கள் தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். உள்நாட்டுப் போர் மூண்ட 1980களில் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126ஐ கடல் கொண்டுபோயிருந்தது. கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே கெடு வைத்தது; மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்ற 32 வயது பொறியாளர் இ. ஸ்ரீதரன், புதிய கர்டர்களுக்குக் காத்திருக்கவில்லை. அடித்துப் போனவை கடலடியில் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்கள் தந்த துப்பை வைத்து, ஒவ்வொன்றாக மேலே தூக்கித் திரும்பப் பொருத்தினார். 46 நாளில் ரயில் ஓடியது. ரயில்வே அமைச்சர் பரிசாகக் கொடுத்தது ஆயிரம் ரூபாய்.

ரயில் ஓடியது ராமேசுவரம் வரைக்கும்தான். அதற்கு அப்பால் தனுஷ்கோடிக்குப் போன பாதையை யாரும் எடுத்துக் கட்டவில்லை. சாலை மட்டும் 2017இல் அரிச்சல்முனையைத் தொட்டது. 2019 மார்ச்சில் ராமேசுவரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாம்பனில் செங்குத்தாக உயரும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்து ரயில்கள் ஓடத் தொடங்கியபோதும் அவற்றின் கடைசி நிலையம் ராமேசுவரமாகவே இருந்தது.